பட்டியலில் நான்காவது

என் கணவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வீட்டை விட்டு வந்தபோது எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். "அடிச்சாரா?" இல்லை. "குடிக்கிறாரா?" இல்லை. "அப்புறம் என்னம்மா?" வீட்டில் நெட்டை நிறுத்திவிடுவார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி மயிலும் மாங்காயும் வரைந்து, அதைக் கோப்பாக அனுப்புவேன். தறியின் மேலே இருக்கும் பெட்டி அதைப் படித்து இழைகளைத் தூக்கிக் கொடுக்கும். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், மூன்று நாள் வீட்டில் இருந்தே வேலை. அதனால் எனக்கு நெட் என்பது தண்ணீர் மாதிரி.

அந்த நெட் என் கணவருடைய போனுக்குள் இருந்தது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஷிப்ட் வேலை. அங்கே இருந்துகொண்டே எங்கள் வீட்டு ரூட்டரைத் திறந்து, எந்தப் போன் எத்தனை மணிக்கு ஓடியது என்று பார்ப்பார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பார். "மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் உன் போன் ஓடிக்கினே இருந்துதே. யார் கூட?" அக்காகூடப் பேசினேன் என்பேன். "அக்காகூட ஒரு மணி நேரமா?" என்பார். குரலை உயர்த்த மாட்டார். மறுநாள் என் போனிலும் லேப்டாப்பிலும் மட்டும் நெட் வராது. டிவியில் வரும். மகளுடைய டேப்லெட்டில் வரும். போனுக்குத் தனியாக டேட்டா போட்டுக்கொண்டால், அது எதற்கு என்று இன்னொரு விசாரணை.

ஒரு நாள் தறிக்காரர் டிசைனுக்காகக் காத்திருக்கிறார், எனக்கு நெட் இல்லை. என் கணவரைப் போனில் கூப்பிட்டேன். "வந்து பாக்கறேன், என்ன அவசரம்?" என்றார். லேப்டாப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு நடந்து போய், அங்கே நின்றபடி அனுப்பினேன். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அதற்கப்புறமும் ஒன்றரை வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

வெளியே வந்தபின் சில மாதங்கள் கூரத்தில் என் அக்கா வீட்டில் இருந்தோம், நானும் ஆறாவது படிக்கும் என் மகளும். வழக்கு நடக்க ஆரம்பித்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மகளை அவள் அப்பா பார்க்கலாம் என்று ஏற்பாடு. அதன்பின் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி வீடு பார்த்தேன். கீழே வீட்டுக்காரர்கள், மேலே நாங்கள். வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் கீழே தறி நெய்கிறார், இந்த அம்மாள் நூல் சுற்றிக் கொடுப்பார். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள்.

"உன் வூட்டுக்காரரு?" என்று கேட்டார்.

"தனியாத்தான் இருக்கேன்க்கா. பொண்ணு மட்டும்தான்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மோட்டார் காலையில ஆறு மணிக்குப் போடுவோம். பாத்துத் தண்ணி புடிச்சுக்கோம்மா" என்றார். வீடு கிடைத்துவிட்டது என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

முதலில் வாங்கியது நெட் கனெக்‌ஷன். விண்ணப்பத்தில் என் பெயர், என் கையெழுத்து, என் போன் நம்பர். ரூட்டர் மாட்ட ஆள் வந்த அன்று மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வேலை பாதியில் இருக்கும்போது நான் கிளம்ப வேண்டியிருந்தது. சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம், அதுதான் வீட்டுக்காரம்மாவிடம், கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது சுவரில் வெள்ளைப் பெட்டி, அதில் பச்சை விளக்குகள். மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் பாஸ்வேர்டு, ஒன்றிலிருந்து எட்டு வரை. மாற்றட்டுமா என்று அந்த ஆளைப் போனில் கேட்டேன். "அதையே வச்சுக்கோங்கம்மா. எல்லார் வூட்லயும் அதான். மாத்தினீங்கன்னா மறந்துட்டு எங்களைத்தான் கூப்பிடுவீங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரிலேயே பிழைக்கிறவள் நான், இருந்தும் ரூட்டர் என்றால் அது என் கணவருடைய சாமான் என்று மனதுக்குள் எங்கேயோ பதிந்து போயிருந்தது.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லு."

"நேத்து அப்பா கேட்டாரு, புது வீட்ல நெட் இருக்குதான்னு. இருக்குதுன்னு சொன்னேன். பாஸ்வேர்டு என்னன்னு கேட்டாரு. ஈஸியா இருக்குதேன்னு சொல்லிட்டேன்."

"எதுக்குன்னு கேட்டியா?"

"சும்மாதான்னு சொன்னாரு."

அடுப்பை அணைத்தேன். அவளைத் திட்டவில்லை. திட்டுகிற நிலையில் நான் இல்லை. ரூட்டரைச் சுவரிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு ஸ்டிக்கர். அதில் ரூட்டரின் உள்பக்கத்துக்கென்று இருந்த முகவரி எண்களை லேப்டாப்பில் அடித்தேன். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. இரண்டுக்கும் ஸ்டிக்கரில் போட்டிருந்த 'அட்மின்' என்ற ஒரே சொல்தான். கதவு திறந்துகொண்டது. யார் வேண்டுமானாலும் இப்படித் திறந்திருக்கலாம்.

ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் இப்போது இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருந்தது. முதலில் என் லேப்டாப். இரண்டாவது என் போன். மூன்றாவது மகளின் டேப்லெட். நான்காவதாக ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட வரி மட்டும்.

என் போனை அணைத்தேன். மகளின் டேப்லெட்டை அணைத்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். இரண்டும் போய்விட்டன. நான்காவது அப்படியே இருந்தது.

போனை மறுபடி போட்டுக் கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பேச்சு திருநெல்வேலிப் பக்கம். நான் படபடவென்று சொல்லி முடித்ததும், "உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருந்தா போனைக் கொடுங்க மேடம், நான் சொல்லுதேன்" என்றாள்.

"கனெக்‌ஷன் என் பேர்ல இருக்குது. என்கிட்டயே சொல்லுங்க. வீட்டுக்காரருக்குப் பயந்துதான் கூப்பிடறேன்."

அவள் குரல் மாறியது. "சரிங்கக்கா. ஒண்ணொண்ணாப் பண்ணுவோம். அவசரப்படாதீங்க."

மேடம் அக்காவாக மாறியதில் எனக்கு லேசாகத் தெம்பு வந்தது. "இந்த நாலாவது எங்கேயோ தூரத்துல இருந்து வருதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. லிஸ்ட்ல நிக்குதுன்னா அந்தக் கருவி உங்க வீட்டுக்கு ரொம்பப் பக்கத்துலதான் இருக்கு."

ஜன்னலுக்குப் போனேன். தெருவில் பூக்காரி கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். எதிரே மளிகைக் கடை முன்னால் ஒருவர் ஹெல்மெட் போட்டபடி பைக்கில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவருடைய பைக்கின் அதே நிறம். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். வேறு யாரோ. கடைக்காரரிடம் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

"இருக்கீங்களாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

ஒவ்வொன்றாகச் செய்தோம். முதலில் அந்த 'அட்மின்' பாஸ்வேர்டு. "வீட்டுக் கதவை விட இதுதான் முக்கியம், இதை மாத்தாம மத்ததை மாத்தினா பிரயோசனம் இல்ல" என்றாள். அடுத்து, வெளியூரிலிருந்து ரூட்டருக்குள் நுழைய வழி விடும் ஒரு அமைப்பு. எங்களுடையதில் அது திறந்தே கிடந்தது. மூடினேன். பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமலே சேர்த்துக்கொள்ளும் வசதி ஒன்று. அதையும் மூடினேன். பிறகு வயர்லெஸ் பாதுகாப்பு என்ற பக்கம். அதில் பழைய வகையும் புதிய வகையும் இருந்தன. புதியதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள்.

"இப்ப புது பாஸ்வேர்டு அடிங்க. என்கிட்ட சொல்லாதீங்க. உங்க பிறந்த நாள், பிள்ளை பிறந்த நாள், வண்டி நம்பர் எதுவும் வேண்டாம். அவருக்குத் தெரிஞ்சது எதுவும் வேண்டாம்."

அங்கே மாட்டிக்கொண்டேன். பதிமூன்று வருஷம் கூடவே இருந்த மனிதருக்குத் தெரியாதது என்னிடம் என்ன இருக்கிறது? என் அப்பா பெயர் தெரியும், படித்த பள்ளி தெரியும், பிடித்த சினிமா தெரியும். விரல்கள் விசைப்பலகை மேல் சும்மா இருந்தன. அப்புறம்தான் என் வேலை ஞாபகம் வந்தது. நான் போட்ட டிசைன் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. அந்த மாதம் ஒரு பார்டருக்கு நானே யோசித்து வைத்திருந்த பெயரையும், அதன் கட்டங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து அடித்தேன். இங்கேயும் அதை எழுதப் போவதில்லை.

சேமித்ததும் எல்லாம் அறுந்துபோனது. ரூட்டரின் விளக்கு அணைந்து, சிமிட்டி, மறுபடி பச்சையானது. புது பாஸ்வேர்டைப் போட்டு லேப்டாப்பைச் சேர்த்தேன், போனைச் சேர்த்தேன். பட்டியலைத் திறந்தேன். இரண்டே இரண்டு. புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தேன். இரண்டுதான். போனில் இருந்த பெண்ணிடம் நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகை வந்துவிட்டது. "இருக்கட்டுங்கக்கா, முதல்ல தண்ணி குடிங்க" என்று சொல்லி, நான் போனை வைக்கும் வரை காத்திருந்தாள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. படியில் காலடிச் சத்தம். கீழ்வீட்டு அக்கா வாசலில் நின்றார். முந்தானைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தார்.

"ஏம்மா, உனக்கு நெட் வருதா? இதுல சுத்திக்கினே இருக்குது."

முந்தானையிலிருந்து ஒரு பழைய டேப்லெட் வெளியே வந்தது. ஓரத்தில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"இதுல எப்படிக்கா எங்க நெட்?"

"அன்னிக்கு மாட்ட வந்தாரே, அவரைக் கேட்டேன். ஒரே வூடுதானேன்னு போட்டுக் குடுத்துட்டாரு."

"ரெண்டு மாசமாவா?"

"ஆமா."

பயம் போன இடத்தில் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமேக்கா. காலையிலேர்ந்து நான் செத்துப் பொழைச்சிருக்கேன்" என்று சத்தமாகவே சொன்னேன். வீட்டுக்காரம்மாவிடம் இப்படிப் பேசுகிறோமே, வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது என்ற நினைப்பு கூட வரவில்லை.

அவர் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் கதவோரம் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரகடத்திலிருந்து நெட்டை நிறுத்துவது, சாயங்கால விசாரணை, ஜெராக்ஸ் கடை, நேற்று மகளிடம் கேட்ட கேள்வி எல்லாம். அடித்தாரா என்று அவர் கேட்கவில்லை. கடைசியில், "நீ எங்க போறே, யார்கிட்ட பேசறேன்னு எந்நேரமும் ஒருத்தர் பாத்துக்கினே இருந்தா எப்படிம்மா சோறு எறங்கும்?" என்றார்.

அதை அவ்வளவு சுலபமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் வக்கீல் கூட.

"தப்பு என்னுதுதான். கேட்டிருக்கணும்" என்றார். "கேட்டா, எதுக்குக்கான்னு நீ கேப்பே. அதைச் சொல்ல வெக்கமா இருந்துது."

டேப்லெட்டைத் திறந்து காட்டினார். தெலுங்கு எழுத்துகளைப் பெரிதாகப் பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள், வரிசையாக. அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பேச்சோடு சரி, வீட்டில் ஒருவருக்கும் எழுத்து தெரியாதாம். அவருடைய அம்மா சித்தூர்ப் பக்கம் பிறந்து, அங்கே பள்ளிக்கூடம் போனவர். ஒரு நோட்டு முழுக்கப் பாட்டு எழுதி வைத்துவிட்டு இறந்துபோனார்.

"எங்க அம்மா கையெழுத்து, என்னால ஒரு வரி படிக்க முடியலை. யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லலாம். ஆனா நானே படிக்கணும்னு இருக்குது. இந்த வயசுல அட்சரம் எழுதறேன்னு தெரிஞ்சா என் மருமக சிரிப்பா. அதான் பசங்க வேலைக்குப் போனப்புறம், மத்தியானம் அவரு தறியில இருக்கும்போது பாப்பேன். இன்னிக்கு ஞாயித்துக்கெழம, எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்காங்க."

"எது வரைக்கும் வந்திருக்கீங்க?"

"எழுத்து எல்லாம் வந்துட்டுது. கூட்டெழுத்துதான் குழப்புது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ஆறிப்போன தோசைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். மூவரும் படியிலேயே சாப்பிட்டோம்.

அன்று மத்தியானம் ரூட்டர் பக்கத்தை மறுபடி திறந்து, விருந்தினருக்கென்று தனியாக ஒரு இணைப்பு வைக்கும் வசதியைக் கண்டுபிடித்தேன். அதற்கு ஒரு பெயர், தனிப் பாஸ்வேர்டு. அதில் வருகிறவர்களுக்கு நெட் கிடைக்கும், என் லேப்டாப்பைத் தொட முடியாது. பாஸ்வேர்டை அக்காவையே போடச் சொன்னேன். ஒற்றை விரலால் நிதானமாக அடித்தார்.

அவர் கீழே போனபின் பட்டியலைப் பார்த்தேன். அக்காவின் டேப்லெட் தனி வரியில் வந்து நின்றது. அந்த வரியைத் தொட்டதும் பக்கத்தில் சில பட்டன்கள் திறந்தன. நிறுத்தி வை. தடை செய். நேரம் குறி. பார்த்த தளங்கள். கடைசி பட்டனுக்கு மேல் என் விரல் நின்றது. என் கணவர் தினம் பார்த்த பக்கம் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. அழுத்தினால் அக்கா மத்தியானம் எல்லாம் என்ன பார்த்தார் என்று தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். "இதுல நான் என்ன பாக்கறேன்னும் தெரியுமா?"

"தெரியும்."

"நீயும் அப்பா மாதிரி பாப்பியா?"

உடனே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பதினோரு வயதுப் பெண்ணின் கையில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு ஒன்றுமே கவனிக்க மாட்டேன் என்றால் அது பொய். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒவ்வொரு பட்டனும் என்ன செய்யும் என்று காட்டினேன். பார்த்த தளங்களைப் பதிவு செய்யும் அமைப்பை அவள் கண் முன்னாலேயே அணைத்தேன். இரவு ஒன்பதுக்கு மேல் அவள் டேப்லெட்டுக்கு நெட் வேண்டாம் என்றேன். ஒன்பதரை என்றாள். சனிக்கிழமை மட்டும் ஒன்பதரை என்று முடிந்தது. "எதையாவது மாத்தறதுன்னா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் மாத்துவேன். ஏதாவது உன்னைப் பயமுறுத்தினா நீ என்கிட்ட சொல்லணும். அவ்வளவுதான்" என்றேன். அவளே பட்டனை அழுத்திச் சேமித்தாள்.

பதினைந்து நாள் கழித்து, அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தவள் பையை வைத்துவிட்டுச் சொன்னாள். "பாஸ்வேர்டு மாத்திட்டீங்களான்னு அப்பா கேட்டாரு."

மாற்றியது அவருக்கு எப்படித் தெரியும்? நடுவில் எப்போதோ எங்கள் தெருவில் வந்து நின்று போட்டுப் பார்த்திருக்கிறார். "நீ என்ன சொன்னே?"

"அம்மாவையே கேளுங்கப்பான்னு சொன்னேன். அப்புறம் வேற பேச்சு பேசினாரு."

அவர் என்னைக் கேட்கவில்லை. என் வக்கீலிடம் தேதியோடு சொன்னேன், எழுதிக்கொண்டார். மகளிடம் இனி இப்படிக் கேட்கக் கூடாது என்று என் கணவருடைய வக்கீல் மூலமாகவே சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நானும் கொஞ்ச நாள் தினமும் காலையில் பட்டியலைப் பார்த்தேன், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு ஞாபகம் வந்தால். பயம் ஒரே நாளில் போகவில்லை. ஆனால் ஒரு நாள் வேலை முடித்து லேப்டாப்பை மூடும்போது, அன்று முழுக்க அதைப் பற்றி நினைக்கவே இல்லை என்று தெரிந்தது.

கீழ்வீட்டு அக்கா இப்போது மருமகள் இருக்கும்போதே வீடியோ போட்டுக் கேட்கிறார். மருமகள் சிரித்தாளாம். பிறகு தானும் கற்றுக்கொள்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தாளாம். நோட்டில் ஆறு பாட்டு படித்தாகிவிட்டது.

போன மாதம் ஆபீசில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திருப்பருத்திக்குன்றத்தில் அம்மா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். டப்பாவைத் திறக்காமலே, "அக்கா, எங்க அம்மா வீட்டு நெட்டை ஒருத்தர் தூரத்துல இருந்தே பாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. "இன்னிக்கு சாயங்காலம் உங்க வூட்டுக்கு வரட்டுமா?" என்றேன்.

வேலை முடிந்து இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம். அவள் அம்மா காபி போட்டுக் கொடுத்தார். அவள் ரூட்டரை எடுத்துத் திருப்பி, அடியில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து அடித்தாள். நான் தொடவே இல்லை, எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். புதுப் பாஸ்வேர்டு கேட்கும் இடம் வந்ததும் அவள் கை நின்றது.

"என்ன போடறதுன்னு தெரியலைக்கா. அவருக்குத் தெரியாதது என்ன இருக்குது என்கிட்ட?"

"இருக்கும். நிதானமா யோசி" என்றேன்.

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன். வயல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. வெகு நேரம் உள்ளே சத்தமே இல்லை. பிறகு விசைகள் தட்டுப்படும் ஒலி, முதலில் ஒன்றிரண்டாக, அப்புறம் கடகடவென்று.